கொக்கு ஏன் கெக்கு ஆகிறது?

ஆடி மாதம். திருவாரூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. என் அக்கா அங்கே டீச்சர். ஊருக்குப் போயிருந்த நான் ஒரு நாள் அவள் வகுப்பில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே குறுவை நடவு முடிந்த வயலில் பத்துப் பதினைந்து கொக்கு. உள்ளே கரும்பலகையிலும் 'கொக்கு'தான். ஒரு பையன் எழுந்து போய் விரல் வைத்துப் படித்தான். "கெ..." விரல் துணைக்காலுக்கு நகர்ந்தது. "ஆ... க்கு." வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அக்கா சிரிக்கவில்லை. "வெளிய பாரு. அது என்னடா தம்பி?"

"கொக்கு டீச்சர்."

"இதுவும் அதான்."

பையன் பலகையைச் சந்தேகமாகப் பார்த்தான். அந்தச் சந்தேகம் நியாயமானது. இடமிருந்து வலமாக, கண்ணில் பட்டதைப் பட்டபடி அவன் படித்தான். எழுத்துதான் வரிசை மாறி நிற்கிறது.

தமிழில் 247 எழுத்து என்று கணக்குச் சொல்கிறோமே, அத்தனையையும் எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்வதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மீதி 216-ம் கூட்டுச் சரக்கு. க, கா, கி, கீ வரை பெரிய சிக்கல் இல்லை. கு, சு, டு, து, று என்று உகர வரிசைக்கு வரும்போது ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு விதமாக வாலை வளைக்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டியதுதான். நிஜமான வம்பு கொம்பில் இருக்கிறது. 'கெ' என்று சொல்லும்போது வாயில் முதலில் 'க்', பிறகுதான் 'எ'. உயிர்மெய்யில் மெய் முந்தி, உயிர் பிந்தி என்று தொல்காப்பியமே தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போதோ கொம்பு முந்திக்கொள்கிறது. 'கொ'வில் ஒரே ஓர் ஒலிக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. வலது கோடிவரை பார்த்துவிட்டுத்தான் இடது கோடியில் இருப்பதன் ஒலியை முடிவு செய்ய முடியும்.

கைப்பேசி இந்த விஷயத்தில் தொல்காப்பியர் கட்சி. 'க' தட்டி, அப்புறம் 'எ' தட்டுங்கள்: கொம்பு தானாக முன்னால் தாவி உட்காரும். உள்ளே சேமிப்பதும் ஒலி வரிசையில்தான். கண்ணுக்குக் காட்டும்போது மட்டும் இடம் மாற்றிக் காட்டுகிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் மூளை இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். எ, ஒ குறில் என்று காட்டப் புள்ளிதான் அடையாளம்; ஓலைச்சுவடியில் பெரும்பாலும் அதை வைக்க மாட்டார்கள். 'கெ'யா 'கே'யா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் இருந்து பணி செய்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் நெடிலுக்கு இரட்டைச் சுழி போட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, தனி வடிவில் இருந்த ணை, லை, ளை, னை போன்றவற்றைப் பொது வழிக்குக் கொண்டுவந்தது. கொம்பின் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

இனி மூளைக்கு வருவோம். எழுத்து தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. பரிணாமக் கணக்கில் அது நேற்றுப் பொழுது. படிப்பதற்கென்றே ஓர் உறுப்பு வளர அவகாசமே இல்லை. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் டெஹேன் சொல்லும் விளக்கம் இது: மூளையின் இடது பக்கம், பின்புறம் அடிப்பகுதியில், பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் இடத்தில் ஒரு துண்டை எழுத்து தன் வசமாக்கிக்கொள்கிறது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் அவரும் குழுவினரும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்களிடமும் இந்த மாற்றம் தெரிந்தது.

இரவல் இடம் என்பதால் அதன் பழைய பழக்கமும் கூடவே வருகிறது. மாடு இந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அதே மாடுதான் என்று தெரிந்து வைத்திருக்கிற மூளை அது. ஆகவே எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எழுதும் பிள்ளைக்குக் கோளாறு ஒன்றும் இல்லை. மாட்டுக்குப் பொருந்தும் விதி எழுத்துக்குப் பொருந்தாது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்கு அடுத்தது காது. 'கடல்' என்பதைக் 'க-டல்' என்று கைதட்டிப் பிரிக்கச் சொன்னால் நான்கு வயதுப் பிள்ளையும் பிரிக்கும். 'க' என்பதையே 'க்'காகவும் 'அ'வாகவும் பிரிக்கச் சொன்னால் விழிக்கும். 'க'வைப் படிக்க நம் எழுத்து முறை அந்தப் பிரிவினையைக் கேட்பதே இல்லை. 'க' முழுசாக ஓர் எழுத்து. கன்னடப் பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்ந்து 2007-இல் எழுதிய சோனாலி நாக், இந்தத் தனி ஒலி உணர்வு அவர்களிடம் மெதுவாகத்தான் வளர்கிறது என்றார். ஆனால் 'கொ'வைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் 'க்'கும் 'ஒ'வும் தனித்தனி என்பது காதுக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு படம்.

அக்கா களிமண்ணுக்குப் போனது இதற்காகத்தான். வாய்க்கால் ஓரத்து மண்ணை வாளியில் அள்ளி வந்து ஆளுக்கு ஓர் உருண்டை. தரையில் செய்தித்தாள். முதலில் ஒரு 'க'. தனியாக ஒரு கொம்பு, தனியாக ஒரு கால். "க்" என்று சொல்லிக்கொண்டு 'க'வை வைக்க வேண்டும். "ஒ" என்று சொல்லிக்கொண்டு மற்ற இரண்டையும் ஒரே நேரத்தில், இரண்டு கையாலும், இரண்டு பக்கமும் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். காலையில் தடுமாறிய பையன் கொம்பை வலப்பக்கம் வைத்துவிட்டுக் கேட்டான்: "வாயில பின்னாடிதானே டீச்சர் வருது?"

"வாயில பின்னாடிதான். எழுதுறப்ப மட்டும் முன்னாடி போய் நின்னுக்கும். தூக்கி வை."

தூக்கி வைத்தான். கைப்பேசி செய்கிற அதே காரியத்தைக் கையால் செய்தான்.

கையால் செய்வதில் வேறொரு லாபமும் உண்டு. 2012-இல் காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு: படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு, தாமாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பிறகு பார்க்கும்போது வாசிப்புக்கான மூளைப் பகுதி வேலை செய்தது. விசைப்பலகையில் தட்டிய எழுத்துக்கும் புள்ளிக்கோட்டின் மேல் இழுத்த எழுத்துக்கும் அப்படி நடக்கவில்லை. பிள்ளை எழுதும் 'க' ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி கோணும். எந்தக் கோணல் வந்தாலும் 'க'தான், எந்த வளைவு போனால் 'க' இல்லை என்று மூளை பிரித்தறிவது அந்தக் கோணல்களிலிருந்துதான் என்று அவர்கள் கருதுகிறார்கள். விஜயதசமி அன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்கிறோமே, அதில் ஒரு குறைதான்: விரலைக் கொஞ்ச நேரமாவது விட வேண்டும்.

இந்த இடத்தில் என் ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். செயல்பாடு என்ற பேரில் கொக்குப் படத்துக்குப் பஞ்சு ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டுகிற அரை மணி நேரமும் பிள்ளையின் நினைப்பு பசையில் இருக்கும், 'கொ'வில் இருக்காது. மிச்சத்தைப் பெரும்பாலும் அம்மாதான் ஒட்டுகிறார். கை எழுத்தைத் தொட வேண்டும், இல்லை என்றால் சொல்லின் பொருளைத் தொட வேண்டும்.

பொருளைச் சும்மா சொல்லவில்லை. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். நாற்றங்கால், தாளடி, மடை எல்லாம் தெரிந்த பாட்டிக்கு எழுத்து தெரியாது. குறுவை அறுத்த வயலில் அடுத்துப் போடும் நெல்தான் தாளடி. நகரத்துப் பேரனோ 'தாளடி' என்று கணீரெனப் படிப்பான். செருப்பு சம்பந்தப்பட்டது என்று நினைப்பான். தமிழ்ப் பிள்ளைக்கு நடுவில் இன்னொரு பள்ளமும் உண்டு. வீட்டில் 'வெடிச்சிருச்சு', புத்தகத்தில் 'வெடித்துவிட்டது'. வீட்டில் 'மள', புத்தகத்தில் 'மழை'. எழுத்துக்கூட்டி முடித்து வந்து சேரும் சொல், காதில் ஏற்கெனவே இருக்கும் சொல்லாக இருப்பதில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால் வெயிலில் வைத்திருந்த எழுத்துகளில் பாதி வெடித்துக் கிடந்தன. டெல்டா மண்ணில் களி அதிகம்; நீரைக் குடித்து உப்பும், நீர் போனதும் சுருங்கும். ஆடிக் காற்றில் மேல்புறம் முந்திக் காய்ந்து இறுக, உள்ளே ஈரம் நிற்க, விரிசல் விட்டுவிட்டது. கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "மணல் போடணும் டீச்சர், எங்க தாத்தா அடுப்புக்கு அப்படித்தான் போடுவாரு" என்றாள் ஒரு பெண். ஆற்று மணல் கலந்து இரண்டாவது ஈடு செய்தார்கள். மணல் சுருங்காது, அது கலந்தால் களியின் சுருக்கமும் குறையும். அதில் அநேகமாக எல்லாமே தப்பின.

நடந்ததைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லி அக்கா பலகையில் எழுதினாள். அவர்கள் 'வெடிச்சிருச்சு' என்றார்கள், அவள் 'வெடித்தது' என்று எழுதினாள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. மண் வெடித்தது. மணல் சேர்த்தோம். அந்தப் பையனைக் கூப்பிட்டாள். 'வெ'யில் விரல் நிற்கவில்லை. 'சே'யும் போனது. 'தோ'வுக்கு வந்ததும் நின்றான். விரலை எடுத்துவிட்டு, கொம்பின் மேல் இடது கையையும் காலின் மேல் வலது கையையும் வைத்து மூடிக்கொண்டு, நடுவில் தெரிந்த 'த'வைப் பார்த்து உதடு குவித்தான்.

"...தோம். சேர்த்தோம்."