முகத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

ஆட்டிசம் உள்ளவர்களை மதிப்பிடச் சொல்லி என்னிடம் வரும் வழக்குக் கோப்புகளில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, எதையோ மறைக்கிறார்." இந்த வாரம் வந்ததிலும் இருந்தது. பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணைப் பார்க்காததற்கும் பொய்க்கும் சம்பந்தம் இல்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதே அவஸ்தை. கண்ணைப் பார்த்தால் கேள்வி மண்டையில் ஏறாது. கேள்வி ஏற வேண்டுமென்றால் மேசையைத்தான் பார்த்தாக வேண்டும். ஆக, விசாரிக்கும் காவலர்களே, நீங்கள் சொல்வதை அவர் மிகக் கவனமாகக் கேட்கும் நேரத்தில்தான் திருட்டு முழி முழிப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. பதற்றத்தில் சிரித்தால் திமிர் என்கிறீர்கள். ஏற்ற இறக்கமில்லாமல் பேசினால் "செய்ததற்கு வருத்தமே இல்லை" என்கிறீர்கள். அந்த வரி தண்டனைக் காலத்தையே கூட்டிவிடலாம். ஆட்டிசம் இல்லாதவர்களிடம்கூடப் பார்வையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. உளவியலில் இது பழைய செய்தி. விசாரணை அறைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்புறம் கேள்விகள். "கடைக்குள் போனாயா?" "இல்லை." கேமராவில் கடை வாசலில் நிற்கிறார். உடனே பொய் சொன்னதாக எழுதியாயிற்று. உள்ளே போனாயா என்றுதானே கேட்டீர்கள்? அவர் வாசலோடு நின்றவர். "ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்" என்றால் அதையும் அப்படியே நம்புவார். ஒத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்.

2008இல் லண்டனில் ஒரு நீச்சல் குளத்தருகே, ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத 16 வயதுப் பையன் தண்ணீரையே பார்த்தபடி நின்றான். காவலர் தொட்டதும் குளத்தில் குதித்துவிட்டான். வெளியே எடுத்து, கைவிலங்கு மாட்டி, காலையும் கட்டி, ஈர உடையோடு வண்டியில் அடைத்தார்கள். அவனுடன் வந்த பராமரிப்பாளர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களிடம் ஒழுங்காகக் கேட்டிருந்தாலே போதும். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் காவல்துறை செய்தது தவறு என்றே சொன்னது.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, நீதி நடைமுறையை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றவும் காவலர்களுக்கும் சிறை ஊழியர்களுக்கும் பயிற்சி தரவும் சொல்கிறது. செய்ய வேண்டியவையும் பெரிய செலவு இல்லை. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வரும் முன் அதையே வேறு வார்த்தையில் கேட்காதீர்கள், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரைகிற விளக்கை அணையுங்கள். கையை உதறினால், உடலை ஆட்டினால் விடுங்கள், பிடித்து அழுத்தாதீர்கள். இடையில் நின்று கேள்வியைப் புரியவைக்கும் ஆளைச் சாட்சிக்கு மட்டுமல்ல, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கொடுங்கள். இங்கிலாந்தில் இப்படி ஆள் கொடுக்க வழிசெய்த 1999ஆம் ஆண்டுச் சட்டமே இதில் சாட்சியோடு நின்றுவிட்டது.

பெற்றோர்களே, தயவுசெய்து "யார் கேட்டாலும் உண்மையைச் சொல்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, வழக்கறிஞர் வந்த பிறகு பேசுகிறேன்" என்பதைச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். பேச்சு அடைத்துப்போகும் நேரத்துக்கு அதையே அட்டையில் எழுதி, கழுத்தில் தொங்கும்படி கொடுங்கள். சட்டைப்பையில் வேண்டாம், கை பைக்குள் போவதைக் காவலர் தப்பாக எடுத்துக்கொள்ளலாம்.