சி சர்ட்டிபிகேட் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி: என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி

கல்லூரி திறந்த கொஞ்ச நாளிலேயே என்.சி.சி.க்கு (தேசிய மாணவர் படை) ஆள் எடுப்பார்கள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அன்றைக்கு நகர்ந்துவிடும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராணுவ அதிகாரி ஆகும் ஆசை மனதின் ஓரத்தில் இருந்தால்கூட அந்த நாளை விடாதீர்கள்.

பட்டதாரிகள் தரைப்படையில் அதிகாரியாகச் சேர, வழக்கமான வழி யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு. என்.சி.சி. சி சர்ட்டிபிகேட் வைத்திருப்பவர்கள் அதை எழுதாமலேயே ஸ்பெஷல் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் தேர்வானால் நேராக எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல்தான். ஆண், பெண் இருவருக்கும் இடம் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, பெண்களுக்கு இன்னும் குறைவு. விண்ணப்பங்கள் குவிந்தால் பட்டப்படிப்பு மதிப்பெண்ணைப் பார்த்து வடிகட்டுவார்கள்.

சரி, சி சர்ட்டிபிகேட் எப்படி வரும்? இரண்டாம் ஆண்டில் பி தேர்வு, மூன்றாம் ஆண்டில் சி தேர்வு. பரேடு வருகை 75 சதவீதம் வேண்டும், கேம்ப்களுக்கும் போயிருக்க வேண்டும். மூன்று வருஷப் படிப்பில் ஒரு வருஷம் தாமதித்தால் சி தேர்வுக்கு நேரமே இருக்காது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சான்றிதழின் பெயர் சி. அதில் வாங்கும் கிரேடு வேறு. ஸ்பெஷல் என்ட்ரிக்கு சி சர்ட்டிபிகேட்டில் குறைந்தது பி கிரேடு இருக்க வேண்டும். சி கிரேடில் தேறியிருந்தால் இந்த வழிக்கு அது உதவாது. விண்ணப்பிக்கும் நாளில் சான்றிதழ் கையில் இருப்பதும் கட்டாயம்.

மற்ற நிபந்தனைகள் எளிமையானவை. வயது 19 முதல் 25 வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பட்டப்படிப்பில் மொத்தம் 50 சதவீதம். இறுதியாண்டில் இருப்பவர்களும், அதுவரை 50 சதவீதம் வைத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு ஆண்டுக்கு இருமுறை ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வரும்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளே ஒரு வடிகட்டல் இருக்கும். காலையில் கூட வந்தவர்களில் பலர் அன்றைக்கே பெட்டியோடு திரும்பிவிடுவார்கள். தங்குபவர்களுக்கு அடுத்து உளவியல் தேர்வு. திரையில் ஒரு சொல் 15 விநாடி நிற்கும், மனதில் பட்டதை அதற்குள் ஒரு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். இப்படி 60 சொற்கள். இருபதைத் தாண்டும்போதே மனப்பாடம் செய்து வைத்தது தீர்ந்துபோகும், அப்புறம் உங்கள் சொந்த மனம்தான் எழுதும். பிறகு கயிறு, பலகை, டிரம் கொண்டு குழுவாகத் தடைகளைக் கடப்பது, தனி நேர்காணல், கடைசி நாள் தேர்வாளர்கள் குழுவின் முன் கான்ஃபரன்ஸ். கேம்ப்பில் முன்பின் தெரியாதவர்களோடு கூடாரத்தைப் பகிர்ந்துகொண்டு, பத்துப் பேர் முன்னால் நின்று கட்டளை கொடுத்துப் பழகியவருக்கு இங்கே கூச்சம் குறைவாக இருக்கும். என் பார்வையில், எழுத்துத் தேர்வு விலக்கைவிட என்.சி.சி. தரும் பெரிய லாபம் இதுதான்.

மருத்துவப் பரிசோதனையும் தேறி, தகுதிப் பட்டியலில் இடம் கிடைத்தால், சென்னை பரங்கிமலையில் உள்ள ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் 49 வாரப் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடிவில் லெப்டினன்ட். இது குறுகிய காலப் பணி: 10 ஆண்டுகள், விரும்பினால் இன்னும் 4 ஆண்டுகள். நிரந்தரப் பணிக்கு மாறவும் வாய்ப்பு உண்டு.

வீட்டில் ஒரு பயம் வரும்: என்.சி.சி.யில் கையெழுத்துப் போட்டால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? மாட்டார்கள். 1948ஆம் ஆண்டு என்.சி.சி. சட்டப்படி, கேடட்டாக இருப்பதால் மட்டும் ராணுவப் பணி செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. படிவத்தை நீட்டும்போது அப்பா அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.