விரிந்து சுருங்கும் பக்கம்

நாலு பத்தி எச்டிஎம்எல் (வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழி) மட்டும் எழுதி, சிஎஸ்எஸ் (அதன் தோற்றத்தைச் சொல்லும் விதிகள்) எதுவும் சேர்க்காமல் பிரவுசரில் திறந்து, விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும். எந்தத் திரைக்கும் பொருந்துவது வலைப்பக்கத்தின் பிறவிக் குணம். ‘அகலம் 960 பிக்சல்’ என்று நாம் எழுதும் ஒரு வரிதான் அதைக் கெடுக்கிறது.

என் முதல் பக்கம் லேப்டாப்பில் ஜோராக இருந்தது. போனில் பார்த்தால் எழுத்தெல்லாம் கடுகு கடுகாக! காரணம் பழைய கதை. 2007-இல் வந்த முதல் ஐபோனின் திரை 320 பிக்சல் அகலம். அன்றைய தளங்களோ கம்ப்யூட்டருக்கென்று கட்டியவை. அதனால் அதன் பிரவுசர், ‘என் அகலம் 980’ என்று பக்கத்திடம் ஒரு பொய் சொல்லி, வந்ததை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக் காட்டியது. 16 பிக்சல் எழுத்து 5 பிக்சல் ஆனது அப்படித்தான். இன்றைய போன்களிலும் இந்தப் பழக்கம் போகவில்லை. ‘பொய் வேண்டாம், நிஜ அகலத்தையே சொல்’ என்று கேட்பதுதான், எச்டிஎம்எல்லில் நாம் சேர்க்கும் வியூபோர்ட் மெட்டா டேக் என்ற ஒரு வரி. அது விட்டுப்போனால் மற்ற வேலையெல்லாம் வீண்.

2010 மே மாதம் ஈத்தன் மார்கோட் என்ற வலை வடிவமைப்பாளர், ஒரே பக்கத்தை எல்லாத் திரைக்கும் பொருந்தும்படி கட்டும் முறைக்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் வைத்தார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அளவுக்கேற்ப விதிகளை மாற்றும் மீடியா குவெரி என மூன்றைச் சொன்னார். புதிதாகக் கற்பவர்கள் மூன்றாவதில்தான் முதலில் குதிக்கிறார்கள்; ஒவ்வொரு போனின் அளவையும் மனப்பாடம் செய்கிறார்கள். அது முடிகிற காரியமா?

அதற்குப் பதிலாக, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டில், ‘ஒரு கட்டம் 250 பிக்சலுக்குக் குறையக் கூடாது, மிச்ச இடத்தைச் சமமாகப் பங்கிடு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இடைவெளியைக் கணக்கில் எடுக்காவிட்டால், 360 பிக்சல் போனில் ஒரு கட்டம், 800-இல் மூன்று, 1200-இல் நான்கு. வகுத்துப் பார்ப்பது பிரவுசரின் பாடு.

அப்புறம், நம் மொழிக்கே உரிய ஒரு தொல்லை. பாடங்களில் வரும் மாதிரிச் சொற்கள் குட்டையானவை. ‘ஒத்துக்கொள்ளவேண்டியிருந்தது’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தால், மடிய இடமில்லாமல் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கமே பக்கவாட்டில் ஆடும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ என்ற சிஎஸ்எஸ் விதியைப் போட்டால் அடங்கும், ஆனால் சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டும். எனக்கு அது பிடிக்காது. ‘ஒத்துக்கொள்ள’வுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாஃப்ட் ஹைஃபனைச் செருகிவிடுவேன், இடம் போதாதபோது மட்டும் சொல் அங்கே பிரியும்.