புரதச்சிதைப்பு நொதித் தடுப்பி: பறவைகளின் விந்தினை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

சேவல், வான்கோழி போன்ற பறவைகளின் விந்து பற்றிய கட்டுரைகளில் ‘புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர்’ என்ற பெயர் அடிக்கடி வரும். புரதங்களை வெட்டும் நொதியைப் பிடித்து, வெட்டவிடாமல் செய்யும் பொருள் அது. பெரும்பாலும் அதுவே ஒரு சிறிய புரதமாக இருக்கும்.

முதலில் சொல்லின் உறுப்புகள். ‘புரோட்டீன்’ என்பது 1838இல் டச்சு வேதியியலர் முல்டர் வெளியிட்ட பெயர். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்வீடன் வேதியியலர் பெர்சீலியஸ். ‘முதன்மையானது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். ‘ஏஸ்’ என்ற விகுதி, 1833இல் பிரெஞ்சு வேதியியலர்கள் பாயனும் பெர்சோவும் பிரித்தெடுத்த, மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதியான டயஸ்டேஸின் வாலிலிருந்து வந்தது. நொதிகளைக் குறிக்கும் ‘என்சைம்’ என்ற சொல்லை உருவாக்கியவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் கூனே. ‘புளிப்பேற்றிக்குள் இருப்பது’ என்பது அதன் பொருள். தமிழில் நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குவது. அதனால் ‘நொதி’ அதற்கு மிக அழகாகப் பொருந்துகிறது. ‘இன்ஹிபிட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ‘பிடித்து நிறுத்து’ என்று பொருள்.

சரி, விந்தில் இந்தத் தடுப்பிக்கு என்ன வேலை? விந்தணுவின் தலை நுனியில் அக்ரோசின் என்ற நொதி, செயல்படாத முன்வடிவில் இருக்கிறது. சினையைச் சுற்றியுள்ள படலத்தைத் துளைக்க விந்தணுவுக்கு உதவும் நொதிகளில் அதுவும் ஒன்று. கருவுற்ற கோழி முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றிய உட்படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், கரு வளரத் தொடங்கும் புள்ளியான கருவட்டுக்கு மேலே சின்னச் சின்ன வட்டத் துளைகள் தெரியும். அவை விந்தணுக்கள் நுழைந்த வழிகள். பறவைகளில் பல விந்தணுக்கள் நுழைவது இயல்பு. ஆனால் வழியிலேயே சில விந்தணுக்கள் இறந்து உடையும். அவற்றிலிருந்து கசியும் நொதி, பக்கத்தில் உயிரோடு இருக்கும் விந்தணுக்களின் புரதங்களையும் வெட்டத் தொடங்கிவிடலாம். அந்தக் கசிவை அடக்குவதுதான் தடுப்பியின் வேலை.

விந்திலுள்ள இந்தத் தடுப்பிகளில் பல, காசல் வகையைச் சேர்ந்தவை. 1948இல் மாட்டின் கணையத்திலிருந்து இத்தகைய தடுப்பியைப் பிரித்த லூயி காசலின் பெயர் இந்த வகைக்கு நிலைத்துவிட்டது. அக்ரோசின், குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதியான டிரிப்சினைப் போலவே லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை அடுத்து வெட்டும். தடுப்பியோ அதே அமினோ அமிலத்தை ஒரு வளையத்தில் நீட்டிக் காட்டுகிறது. நொதி அதைக் கவ்வுகிறது. பூட்டுக்குள் போய்ச் சிக்கிக்கொண்ட சாவி மாதிரி இரண்டும் அப்படியே நிற்கின்றன. முட்டையின் வெள்ளைக் கருவில் உள்ள ஓவோமுக்காய்டும் இதே காசல் குடும்பம்தான். சேவலின் விந்திலும் கோழியின் முட்டையிலும் ஒரே குடும்பம் காவலுக்கு நிற்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பாலூட்டிகளுக்கு இருப்பதுபோல் புராஸ்டேட், விந்துப்பை எல்லாம் பறவைகளுக்குக் கிடையாது. திரவத்தின் பெரும்பகுதி விந்தகத்திலும் அதை அடுத்த நாளங்களிலுமே உருவாகிறது. அதனால் இந்தத் தடுப்பிகள் எங்கே சுரக்கின்றன என்று தேடுபவர்கள் முதலில் பார்ப்பதும் அங்கேதான்.

அப்புறம் தமிழ்ச் சொல். ‘புரதச் செரிமான நொதி’ என்று எழுதுவது குடலுக்குச் சரி. விந்தில் எதுவும் செரிக்கப்படுவதில்லை, ஆகவே இங்கே ‘சிதைப்பு’ என்பதே நல்லது. ‘முடக்கி’ என்றால் நிரந்தரமாக வீழ்த்திவிட்டது போல் தொனிக்கும். காசல் வகையின் பிணைப்போ இறுக்கமானது, ஆனாலும் விடுபடக்கூடியது. அதனால் ‘தடுப்பி’யைத் தேர்கிறேன். ‘தடுப்பான்’ என்பதும் பிழையில்லை. கருவிப் பெயருக்கு ‘இ’ விகுதி இன்னும் பொருந்துகிறது, அவ்வளவுதான். விந்தணுக்களை நீக்கிய பின் எஞ்சுவதை ‘விந்துத் திரவம்’ எனலாம். வெறும் ‘விந்து’ என்றால் விந்தணுவும் சேர்ந்துவிடும். ‘நொதித் தடுப்பி’ என்று சுருக்குவதையும் தவிர்க்கலாம், வேறு நொதிகளுக்கும் தடுப்பிகள் உண்டு. ஆக, முழு வழக்கு இப்படி அமையும்: வான்கோழி விந்துத் திரவத்தின் புரதச்சிதைப்பு நொதித் தடுப்பி.