ஜீனோஎக்கனாமிக்ஸ்: மரபணுப் பொருளியலா, மரபுப் பொருளியலா?

‘ஜீனோஎக்கனாமிக்ஸ்’ 2007இல் பிறந்த சொல். டேனியல் பெஞ்சமின், எட்வர்ட் கிளேசர், டேவிட் லைப்சன் ஆகிய அமெரிக்கப் பொருளியலாளர்கள் வேறு துறை ஆய்வாளர்கள் சிலரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு அதுவே தலைப்பு. ஒருவர் எத்தனை ஆண்டு படிக்கிறார், எவ்வளவு ஈட்டுகிறார், பணத்தைச் சேர்க்கிறாரா, துணிந்து இறைக்கிறாரா என்பவற்றில் மரபணுவுக்கும் பங்கு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று பார்க்கும் துறை இது.

வேர்கள் கிரேக்கம். ‘கெனோஸ்’ என்றால் பிறப்பு, குலம். அதிலிருந்து ‘ஜீன்’ என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சென். ‘ஓய்கோஸ்’ வீடு, ‘நோமோஸ்’ ஒழுங்கு. இவை சேர்ந்து எக்கனாமிக்ஸ். வேர்ப்பொருளை அப்படியே எடுத்தால் ‘குலமும் குடித்தனமும்’. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கலைச்சொல்லாக நிற்காது.

தமிழில் வேலை எளிது என்று தோன்றும். ‘மரபியல்’ தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலின் பெயர். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதையும் வரிசைப்படுத்தி அந்த இயல் தொடங்குகிறது. எந்த விலங்கின் குட்டியை எப்படி அழைப்பது என்பது அங்கே மரபு. அந்த அழைப்பு வழக்கில் உயிரியல் பரம்பரைக்கு இடமில்லை. சான்றோர் சொல்லிவந்த வழக்கு, அவ்வளவே. பிற்காலத்தில்தான் அதே பெயரை ஜெனெடிக்ஸுக்குக் கொடுத்தோம். ‘பொருள்’ கதையும் இதேதான்: பொருளதிகாரத்துப் பொருள் வேறு, பொருட்பாலின் பொருள் வேறு, பொருளியலின் பொருள் வேறு.

அப்படியானால் ‘மரபுப் பொருளியல்’ என்று சுருக்கமாக எழுதிவிடலாமே? கூடாது. படிப்பவர் அதைப் பழங்காலப் பொருளாதாரம் என்றே எடுத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய சிக்கல், ‘மரபு’ தாராளமான சொல் என்பது. அப்பாவின் மூக்கு பிள்ளைக்கு வருவதும் மரபு. கடையை அடைத்ததும் அன்றன்றைய கணக்கை எழுதிவைக்கும் அப்பாவின் பழக்கம் பிள்ளைக்கு வருவதும் மரபு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இந்தத் துறையின் தலையாய பாடு.

எவ்வளவு பாடு என்பதற்கு ஐஸ்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். அகஸ்டின் காங் குழுவினர் 2018இல் வெளியிட்டது. பெற்றோர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக இருக்கிறது. பிள்ளைக்குப் போவது ஒன்று. மற்றது பெற்றோரிடமே தங்கிவிடுகிறது. தங்கிவிட்ட படி பிள்ளையின் உடலில் இல்லை, ஆகவே பிள்ளையின் படிப்போடு அதற்குத் தொடர்பே இருக்கக்கூடாது. இருந்தது! வந்துசேர்ந்த படிகளின் விளைவில் ஏறத்தாழ 30 சதவீத அளவுக்கு, வராத படிகளுக்கும் விளைவு தெரிந்தது. அந்த மரபணுக்கள் பெற்றோரை ஒருவிதமாக ஆக்கியிருக்கின்றன. பெற்றோர் அமைத்த வீடு பிள்ளையை ஆக்கியிருக்கிறது. மரபணுவாக வராதது மரபாக வந்துவிட்டது என்று தமிழில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு புதுத்தொடர் தேவைப்பட்டது.

ஆகவே ‘மரபணுப் பொருளியல்’ என்பதே சரி. ப் விடாமல் எழுதுங்கள். ‘மரபணுப் பொருளாதாரம்’ என்றால் மரபணு மாற்றிய விதை விற்பனையைப் பற்றியது போல ஒலிக்கும். படிப்புத்துறைக்கு ‘இயல்’ பொருந்தும்.

பெயர் பெரிது, கையில் கிடைத்தவை பொடிப்பொடியானவை. 2013இல் 1,26,559 பேரின் மரபணுத் தரவைச் சலித்தபோது, மரபணுத்தொகுதியில் படித்த ஆண்டுகளோடு தொடர்புடைய மூன்றே இடங்கள் உறுதியாகத் தேறின. அவற்றில் ஒரு படியின் விளைவு, சுமார் ஒரு மாதப் பள்ளிப்படிப்பு. 2022இல் 30 லட்சம் பேரைச் சேர்த்த பிறகு இடங்கள் 3,952 ஆகப் பெருகின. எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட மதிப்பெண்ணும் மனிதருக்கு மனிதர் உள்ள படிப்பு வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தையே விளக்குகிறது. அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான். மற்றவர்களிடம் அந்த மதிப்பெண் சோர்ந்துவிடுகிறது. ‘பணக்கார ஜீன்’ என்று எவராவது எழுதினால் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

நாடுகளின் வளர்ச்சியை மக்களின் மரபணுப் பன்மையோடு முடிச்சுப்போடும் இன்னொரு கிளையும் உண்டு. குவாம்ருல் அஷ்ரஃப், ஓடெட் கேலர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2013இல் வெளியிட்ட கட்டுரை பெயர்பெற்றது: பன்மை மிகக் குறைந்தாலும் வளர்ச்சி கெடும், மிகக் கூடினாலும் கெடும் என்பது வாதம். 53 இனக்குழுக்களின் தரவிலிருந்து உலக நாடுகளுக்குத் தாவுகிறார்கள். மானிடவியலாளர்கள் கடுமையாக மறுத்தார்கள். எனக்கும் அந்தத் தாவல் ஒப்பவில்லை. தனிமனிதரின் மரபணுவை நேரே படிக்கும் துறையின் பெயரை இதற்கும் ஒட்டாமல் இருப்பது நல்லது.

இலங்கைப் பாடநூல்களில் ஜெனெடிக்ஸுக்குப் பெயர் ‘பிறப்புரிமையியல்’. அங்கே இந்தத் துறைக்குப் பெயர் வைத்தால் ‘பிறப்புரிமைப் பொருளியல்’ என்றாகி, சொத்துரிமை வழக்குப் போல ஒலிக்கும். பிறப்பையே உரிமைபோலப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. 1970களில் பால் டாப்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இரட்டையரின் வருமானத்தை ஒப்பிட்டு, அதில் பிறப்பின் பங்கு கணிசம் என்றார். உடனே உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க், பிரிட்டனில் வருமானப் பங்கீட்டை ஆராய்ந்துகொண்டிருந்த அரச ஆணையம் இனி மூட்டை கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார். பிறப்பிலேயே தீர்ந்த கணக்கில் அரசுக்கு என்ன வேலை! 1979இல் பொருளியலாளர் ஆர்தர் கோல்ட்பெர்கர் இதை எடுத்து உலுக்கினார். கிட்டப்பார்வை பிறப்பால் வருவது என்று நிறுவிவிட்டால் மூக்குக்கண்ணாடிப் பங்கீட்டு ஆணையத்தைக் கலைத்துவிடலாமா? மழை இயற்கையாகப் பெய்கிறது என்று நிறுவிவிட்டால் குடைப் பங்கீட்டு ஆணையத்தையும் கலைத்துவிடலாமா?