படிக்கட்டில் அடுக்கிய துணிப் பொதிகள்

கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்குத் தீப் பாதுகாப்புச் சோதனைக்குப் போனால், முதலாளிமார் முதலில் காட்டுவது சுவரில் தொங்கும் சிவப்புச் சிலிண்டரைத்தான். நான் முதலில் கேட்பது மாடிப்படி எங்கே என்று.

குறுக்குத் தெருவொன்றில் நான்கு மாடித் துணிக்கடை. படிக்கட்டின் இரு பக்கமும் பொதிகள். ஓர் ஆள் பக்கவாட்டாகத்தான் ஏறலாம். மூன்றாம் மாடியில் ஐந்து பையன்கள் படுக்கிறார்கள். எல்லோரும் மலையகத்து ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள். இரவில் முதலாளி ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுச் சாவியோடு வெள்ளவத்தைக்குப் போய்விடுவார்.

"இரவில் ஏதும் நடந்தால் எப்படித் தம்பி வெளியே வருவீங்க?"

"முதலாளிக்குக் கோல் எடுப்பம் சேர்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பல்ல, புகை. செயற்கை நூல் துணியும் பொதி கட்டும் ரெஜிபோம் நுரை அட்டையும் பிளாஸ்டிக் பையும் எரிந்தால் கரும்புகையோடு காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவும் கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே மயங்கிவிடலாம். கீழே பற்றினால் படிக்கட்டு புகைக்கூண்டாகிவிடும். சூடான புகை மேல் மாடிக்குத்தான் முதலில் போகும். அதனால்தான் ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்கிறோம். அந்தக் கதவுக்குக் கீழே கட்டை செருகித் திறந்து வைத்திருப்பதை நான் பார்க்காத வாரமே இல்லை.

2023 ஒக்டோபரில் இரண்டாம் குறுக்குத் தெருத் துணிக்கடை எரிந்தபோது 20 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அந்தப் பக்கத் தெருக்களின் நிலை தெரிந்ததுதானே. ஒரு பக்கம் லொறி, மறுபக்கம் நடைபாதைக் கடை, நடுவில் கைவண்டியோடு சுமை தூக்கும் நாட்டாமிமார். 110க்கு அழைத்தவுடன் மருதானையிலிருந்து தீயணைப்பு வண்டி புறப்பட்டாலும், கடைசி நூறு மீற்றருக்குள் நுழைவதுதான் பெரும் பாடு. அவர்கள் குழாயை விரிக்கும்வரை உள்ளே இருப்பவர்கள் வெளியேறியிருக்க வேண்டும்.

அரசுப் பக்கத்தில் ஏற்பாடுகள் இருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. அதன் அவசர அழைப்பு இலக்கம் 117. உயரமான கட்டடங்களின் வரைபடத்தைத் தீயணைப்புத் திணைக்களம் பார்த்துத்தான் இணங்குகிறது. ஆனால் வரைபடத்தில் இருக்கும் படிக்கட்டு வேறு, தீபாவளி வியாபாரத்துக்குச் சரக்கு வந்திறங்கிய பிறகு இருக்கும் படிக்கட்டு வேறு. என் கருத்து இதுதான்: மாநகர சபை ஒவ்வொரு வருடமும் வியாபார அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது படிக்கட்டையும் பின்கதவையும் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். அதுவும் பண்டிகைக் காலத்தில், இரவில். பகலில் போனால் யார் அங்கே படுக்கிறார்கள் என்பதே தெரியாது.

கடைக்காரர்களிடம் கேட்பது பெரிய செலவில்லை. ஆட்கள் தங்கும் கட்டடத்தை வெளியிலிருந்து பூட்டாதீர்கள். சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். 110க்கு யார் அழைப்பது, தெரு முனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது யார் என்று இன்றே பெயர் சொல்லி வையுங்கள். அழைக்கும்போது "புறக்கோட்டை" என்று மட்டும் சொன்னால் போதாது. தெருவின் பெயரும் கடை இலக்கமும் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் துணிக்கடைக்கு மறுபடி போனேன். பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பையன்களை இறங்கிவரச் சொன்னேன். சுவரைத் தடவியபடி ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரும் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் கடைசிப் பையன் தடுக்கி விழப் பார்த்தான். அங்கே புதிதாக இரண்டு பொதிகள். நான் போவதற்கு முன் முதலாளியே அவற்றைக் கீழே இறக்கினார்.