எழுதாமல் விட்ட காயம்: சிறை அலுவலரின் கடமை குறித்து

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், சிறைவாசிகளை அறைகளில் அடைக்கும் மாலை லாக்கப் முடிந்து வெகுநேரம் கழித்து, வழிக்காவல் போலீசார் ஓர் இளைஞரை நீதிமன்றக் காவல் உத்தரவுடன் சிறை வாயிலுக்கு அழைத்து வந்தனர். பதிவேட்டில் கைரேகை வைக்கச் சொன்னபோது அவரால் விரல்களை விரிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளும் வீங்கியிருந்தன. நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்குள், "கீழே விழுந்துட்டான் சார், சீக்கிரம் முடிச்சு விடுங்க" என்று வழிக்காவலர் முந்திக்கொண்டார். அப்போது நான் துணை சிறை அலுவலர். காயம் ஏதுமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மூன்றாம் நாள் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. பின்னர் நடந்த விசாரணையில், அந்த வீக்கம் காவல் நிலையத்தில் ஏற்பட்டதா, சிறைக்குள் ஏற்பட்டதா என்ற கேள்வி எழுந்தபோது, என் கையெழுத்தே எங்களுக்கு எதிரான சாட்சியாக நின்றது. அதனினும் கொடியது, தனக்கு நேர்ந்ததை மெய்ப்பிக்க அந்த இளைஞரிடம் இருந்த ஒரே சான்றை நான் அழித்துவிட்டிருந்தேன் என்பதுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த இரவு என்னை விடவில்லை. புதிதாகப் பணியில் சேரும் இரண்டாம் நிலைக் காவலர்களும் உதவி சிறை அலுவலர்களும் உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி ஆகியவற்றை நன்றாகவே கற்று வருகிறார்கள். ஆனால், வெளி உலகின் கண் படாத ஓரிடத்தில் பணியாற்றும் தங்களுக்குச் சட்டம் வகுத்திருக்கும் ஒழுக்கத்தின் பெரும்பகுதி பதிவேடுகளில்தான் இருக்கிறது என்பதை அவர்களுக்கு எவரும் அழுத்திச் சொல்வதில்லை. எதை உடனே எழுத வேண்டும், எதை மறைக்கக் கூடாது, யார் கையொப்பமிட வேண்டும் என்பவை எழுத்தர் வேலை அல்ல; அவையே சிறை அலுவலரின் முதற்கடமை.

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் காலனிய அரசு இயற்றியது. அதன் குறைகள் பல. ஆயினும் அதன் 24ஆம் பிரிவை ஒவ்வொரு வாயிற்காவலரும் படித்திருக்க வேண்டும் என்பேன். சிறைக்குள் வருபவரைச் சோதனையிடுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கூடிய விரைவில் மருத்துவ அலுவலரின் ஆணைப்படி அவரைப் பரிசோதித்து, உடல்நிலையையும், உடலில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் சிறை அலுவலர் பராமரிக்கும் ஏட்டில் பதிய வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. பெண் சிறைவாசிகளைப் பெண் பணியாளரே சோதிக்க வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகு, சேர்க்கையின்போது என்ன பார்க்கப்பட்டது, என்ன எழுதப்பட்டது என்று நாடே கேட்டது. காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் நடுவே ஒரு மனிதரின் உடல் கைமாறும் அந்தச் சில நிமிடங்களில் சிறை அலுவலர் காவல் துறையின் நண்பராக அல்ல, நீதிமன்றத்தின் பணியாளராக நிற்கிறார். காயம் இருந்தால் எழுதுங்கள்; அது எப்படி ஏற்பட்டது என்று அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்; நிலை மோசமாக இருந்தால் முதலில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வழிக்காவலர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அடுத்தது பணம். சிறைவாசிக்கு எந்தப் பொருளையும் விற்கவோ, அவரோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ பணத் தொடர்பு வைத்துக்கொள்ளவோ சிறை அலுவலருக்கு 9ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சிறைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தங்களில் பங்கு கொள்வதை 10ஆம் பிரிவு தடுக்கிறது. இளம் காவலர்கள் பலர் இதைச் சிறு விதியாகக் கருதுகிறார்கள். ஒரு கட்டு பீடி வாங்கிக் கொடுப்பதில் என்ன வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். நான் பார்த்த வரையில், பணிநீக்கம் வரை சென்ற கதைகளில் பெரும்பாலானவை பீடிக் கட்டில் தொடங்கியவையே. முதலில் இரக்கத்தால் கொடுக்கிறார்கள். பிறகு சிறைவாசியின் வீட்டார் 'செலவுக்கு' என்று எதையோ கையில் திணிக்கிறார்கள். அடுத்த மாதம் அது செல்போனாகிறது. அதன் பிறகு அந்தக் காவலர் சிறைவாசியின் சொற்படி நடப்பவராகிவிடுகிறார். பணம் வராத சிறைவாசியின் நிலையோ இன்னும் மோசம்.

மிகையாகச் சொல்வதாக நினைப்பவர்கள் சுனில் பத்ரா வழக்கின் இரண்டாம் தீர்ப்பைப் படிக்க வேண்டும். திகார் சிறையில் ஒரு வார்டர், உறவினர்களிடமிருந்து பணம் பெறுவதற்காகச் சக சிறைவாசி ஒருவரைத் தடியால் கொடூரமாகச் சித்திரவதை செய்ததை, அதே சிறையில் இருந்த பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயத்துக்குச் சிறைத் தரப்பு கூறிய விளக்கங்கள் என்னை உலுக்கியவை: கீழே விழுந்தார், தானே காயப்படுத்திக்கொண்டார், மூல நோய். அவற்றில் முதலாவது, என் வாயிலில் நான் கேட்ட அதே சொல். பணத்தொடர்பும் வன்முறையும் பொய்ப் பதிவும் ஒன்றையொன்று தொடர்ந்து வருபவை என்பதை எனக்கு உணர்த்தியது அந்தத் தீர்ப்புதான்.

தண்டனை பற்றியும் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கண்காணிப்பாளருக்குக் கீழுள்ள எந்த அலுவலருக்கும் சிறைவாசிக்கு எந்தத் தண்டனையும் விதிக்கும் அதிகாரம் இல்லை என்று சிறைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. பிளாக் காவலர் வெயிலில் உட்கார வைப்பது, ஒரு வேளை உணவை நிறுத்துவது, உறவினர் சந்திப்பான 'மனு'வை ரத்து செய்வது ஆகிய எதற்கும் சட்டத்தில் இடமில்லை. கண்காணிப்பாளர் விதிக்கும் தண்டனையும் குற்றம், நாள், விதித்த தண்டனை ஆகிய விவரங்களோடு தண்டனைப் பதிவேட்டில் ஏற வேண்டும். கடுமையான குற்றமாயின் சாட்சிகளின் பெயர்கள் வேண்டும். சிறை அலுவலரும் கண்காணிப்பாளரும் சுருக்கொப்பமிட வேண்டும். தனிமைச் சிறை போன்றவற்றை அமர்வு நீதிபதியின் பரிசீலனையின்றி விதிக்கக் கூடாது என்றும், அவசர நிலையில் இரண்டு நாள்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் மேற்சொன்ன தீர்ப்பு கூறுகிறது. 2015இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும், தற்காப்பு, தப்பியோடும் முயற்சி, சட்டப்படியான ஆணைக்கு எதிர்ப்பு ஆகிய நிலைகளில் மட்டுமே பலப்பிரயோகம் கூடும் என்றும், பயன்படுத்தியவர் உடனே சிறைத் தலைமைக்கு அறிக்கை தர வேண்டும் என்றும் வரையறுக்கின்றன.

சிறைவாசியை அலுவலரின் வீட்டு வேலைக்கு அனுப்புவது இவை அனைத்தையும் மீறும் செயல். வேலூர் மத்திய சிறையின் ஆயுள் தண்டனைச் சிறைவாசி ஒருவர் உயர் அதிகாரியின் இல்லப் பணிக்குப் பயன்படுத்தப்பட்டுத் தாக்கப்பட்டதாக எழுந்த புகாரில், 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டதைத் துறையில் உள்ள எவரும் மறக்கக் கூடாது.

எழுதக் கூடாத ஒன்றும் உண்டு. 2024 அக்டோபர் 3ஆம் நாள் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மோதலைத் தவிர்க்கிறோம் என்று சொல்லிச் சாதிவாரியாகப் பிரித்து அடைக்கும் வழக்கத்தையும், துப்புரவுப் பணியைச் சில சமூகத்தினருக்கே ஒதுக்கும் வழக்கத்தையும் அது ஏற்கவில்லை. பாளையங்கோட்டை சிறையின் பெயர் அத்தீர்ப்பில் இடம்பெற்றது நமக்குத் தலைகுனிவு. பிளாக் ஒதுக்கும்போது பேச்சுவாக்கில் ஊரையும் தெருவையும் கேட்டுச் சாதியை ஊகித்துக்கொள்ளும் பழக்கமும் இதே மீறல்தான் என்பது என் உறுதியான கருத்து.

நாட்டின் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைச் சிறைவாசிகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, அவர்கள் குறித்து ஒரு புதிய கடமையைக் கண்காணிப்பாளர் மீது சுமத்தியுள்ளது. மரணமோ ஆயுளோ தண்டனையாக வரக்கூடிய குற்றங்கள் தவிர மற்றவற்றில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை, முன்பு தண்டனை பெறாத முதல்முறையினராயின் மூன்றில் ஒரு பங்கை, காவலில் கழித்துவிட்டவருக்காகக் கண்காணிப்பாளரே உடனே நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இச்சலுகை இல்லை. சட்டம் வருவதற்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்பது 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தெளிவாக்கப்பட்டது. சேர்க்கை நாளைத் தவறாக எழுதினாலோ, கணக்கிடும் பொறுப்பை நாளை பார்க்கலாம் என்று தள்ளினாலோ, ஒரு மனிதர் சட்டப்படி இருக்கத் தேவையற்ற நாள்களைச் சிறையில் கழிக்கிறார். அந்த நாள்களை எந்த மேலதிகாரியாலும் திருப்பித் தர முடியாது.

நோயைப் பற்றிய சிறைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு சுருக்கமானது. மருத்துவரைப் பார்க்க விரும்புவோரின் பெயரையும், உடலாலோ மனத்தாலோ நலம் குன்றியவராகத் தோன்றுவோரின் பெயரையும், அவர்களுக்குப் பொறுப்பான காவலர் தாமதமின்றிச் சிறை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். 'நடிக்கிறான்' என்று முடிவு செய்யும் உரிமை காவலருக்கு இல்லை. மரணம் நேர்ந்தால் 15ஆம் பிரிவின் பதிவேடு கேட்பவற்றைப் பாருங்கள்: இறந்தவர் முதலில் நோயைச் சொன்ன நாள் எது, மருத்துவ அலுவலருக்கு முதலில் தெரிவித்த நாள் எது, மருத்துவமனையில் சேர்த்த நாள் எது. அந்த நாள்களுக்கு இடையிலான இடைவெளி, காவலரின் அலட்சியத்தை அப்படியே காட்டிவிடும்.

ஆள் பற்றாக்குறை, தொடர் இரவுப் பணி, விடுப்பு மறுப்பு ஆகியவற்றால் காவலர்கள் படும் துன்பத்தை நான் அறியாதவன் அல்லன். அவற்றுக்காகத் துறையிடம் வாதாடியும் இருக்கிறேன். இருந்தும், பதிவேட்டில் பொய் எழுத அவற்றுள் எதுவும் காரணமாகாது.

சிறைவாசிகளின் குடும்பத்தாருக்கு இறுதியாக ஒன்று. மனுவுக்குச் செல்லும் முதல் நாளிலேயே, சேர்க்கையின்போது மருத்துவப் பரிசோதனை நடந்ததா, காயம் எழுதப்பட்டதா என்று உங்கள் உறவினரிடம் கேளுங்கள். இல்லை என்றால், கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் மனுக் கொடுத்து, அதன் நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். வெளியில் காத்திருக்கும்போது எந்தக் காவலர் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கேட்டவரின் பணிநேரத்தையும் நாளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.